லாகின் ஃபெயில்டு என்றால் முதலில் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள்

எஸ்கியூஎல் சர்வரில், அதாவது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸில், "லாகின் ஃபெயில்டு" என்று வந்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை, பாஸ்வேர்டை மாற்றுவது. அடுத்தது சர்வரை ரீஸ்டார்ட் செய்வது. டொமைன் கணக்கை, அதாவது அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான விண்டோஸ் கணக்கை, நம்பி ஓடும் டேட்டாபேஸில் இந்த இரண்டும் பெரும்பாலும் வீண். சில நேரம் பழைய கோளாறு அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்றும் வந்து சேரும்.

நான் பார்த்துக்கொள்வது திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டு. கேட் கம்ப்யூட்டர், எடைமேடை கம்ப்யூட்டர், பில்லிங் எல்லாம் ஒரே எஸ்கியூஎல் சர்வரோடுதான் பேசும். காலையில் கேட் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் அரை மணி நேரத்தில் டிரெய்லர் வரிசை எண்ணூர் விரைவுச் சாலைக்கு வந்துவிடும். வெளியே டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள், உள்ளேயிருந்து சூப்பர்வைசர் எனக்கு போன் அடிப்பார்.

"சார், பாஸ்வேர்டு கரெக்டாதான் போடுறேன், எடுக்க மாட்டேங்குது."

அவர் பாஸ்வேர்டு போட்டது விண்டோஸுக்குள் நுழைய. டேட்டாபேஸுக்கு அவர் எந்தப் பாஸ்வேர்டும் போடவில்லை, போடவும் வேண்டாம். இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

யார் நீ? உள்ளே விடலாமா?

எஸ்கியூஎல் சர்வருக்குள் போக இரண்டு வழி. ஒன்று, சர்வரே தன்னிடம் பெயரும் பாஸ்வேர்டும் வைத்துக்கொண்டு சரிபார்ப்பது. இன்னொன்று, "எனக்கு இவரைத் தெரியாது, ஆனால் டொமைன் கன்ட்ரோலர் தெரியும் என்று சொன்னால் சரி" என்று விடுவது. இந்த இரண்டாவதுதான் விண்டோஸ் ஆத்தென்டிகேஷன். ஊழியர்களின் கணக்கும் பாஸ்வேர்டும் ஆக்டிவ் டைரக்டரி என்ற பதிவேட்டில் ஒரே இடத்தில் இருக்கும். அதை வைத்திருக்கும் சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர். டேட்டாபேஸ் அந்தப் பாஸ்வேர்டைப் பார்ப்பதே இல்லை.

துறைமுகத்துக்குள் வண்டி விட்டவர்களுக்கு இது புதிதில்லை. கேட்டில் நிற்கும் சிஐஎஸ்எஃப் காவலருக்கு டிரைவரைத் தெரியாது. பாஸ் அலுவலகம் ஆளை விசாரித்துப் பாஸ் கொடுக்கிறது, காவலர் பாஸைப் பார்த்து விடுகிறார். பாஸ் அசல்தான் என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி: இந்த ஆளுக்கு இந்த ஷெட்டுக்குள் அனுமதி உண்டா?

லாகின் கோளாறு எதுவாக இருந்தாலும் இந்த இரண்டில் ஒரு கேள்வியில்தான் சிக்கியிருக்கும். "யார் நீ" என்பதில் சிக்கினால் நோய் டைரக்டரி, டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி முகவரி தேடித் தருவது), கடிகாரம், டிக்கெட் பக்கம். "உள்ளே விடலாமா" என்பதில் சிக்கினால் நோய் டேட்டாபேஸுக்குள்ளேயே. எந்தப் பக்கம் என்று தெரியாமல் கை வைத்தால், வலி தலையிலா வயிற்றிலா என்று கேட்காமல் மாத்திரை கொடுத்த கதைதான்.

பாஸ் கொடுக்கும் முறையின் பெயர் கெர்பராஸ். எம்ஐடியில் 1983-இல் தொடங்கிய அத்தீனா திட்டத்தில் பிறந்தது. கிரேக்கக் கதையில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். விண்டோஸ் 2000-இல் ஆக்டிவ் டைரக்டரி வந்தபோது இதையே மைக்ரோசாஃப்ட் தன் டொமைனுக்கு முதன்மை முறையாக எடுத்துக்கொண்டது. வேலை இப்படி நடக்கும். காலையில் நீங்கள் விண்டோஸுக்குள் நுழையும்போது டொமைன் கன்ட்ரோலர் ஒரு தாய் டிக்கெட் தருகிறது. அப்புறம் டேட்டாபேஸைத் திறக்கும்போது, அந்தத் தாய் டிக்கெட்டைக் காட்டி "இன்ன சர்வருக்கு எனக்கு ஒரு டிக்கெட் கொடு" என்று உங்கள் கம்ப்யூட்டர் கேட்கிறது. கன்ட்ரோலர் அந்த டிக்கெட்டை, எஸ்கியூஎல் சர்வர் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்கின் சாவியால் பூட்டிக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டு போய் நீட்டினால், சர்வர் தன் சாவியால் திறந்து பார்க்கும். திறந்தால் முதல் கேள்வி முடிந்தது.

பூட்டிய சாவி எந்தக் கணக்கினுடையது என்பதை நினைவில் வையுங்கள். பெரிய தலைவலி எல்லாம் அங்கேதான்.

திரை பொய் சொல்லும், லாக் சொல்லாது

பயனாளி திரையில் வரும் பிழை எண் 18456, ஸ்டேட் 1. இந்த 1-ஐ வைத்து எதுவும் செய்ய முடியாது. திருட வந்தவனுக்கு உதவக்கூடாது என்பதற்காகச் சர்வர் உண்மைக் காரணத்தை வெளியே சொல்லாது. உண்மையான ஸ்டேட் எண், சர்வரில் இருக்கும் எர்ரர் லாகில் அதே நேரத்தில் பதிவாகியிருக்கும். என்னிடம் வேலை கற்க வந்த பையனுக்கு முதல் நாள் சொன்னது இதைத்தான்: திரையின் போட்டோவை எனக்கு வாட்ஸ்அப் பண்ணாதே, எர்ரர் லாகில் இருக்கும் வரியை அனுப்பு.

அந்த வரியில் ஸ்டேட் 5 என்றால், வந்தவரின் பெயரில் சர்வரில் லாகின் என்ற பதிவே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்டு தவறு, ஆனால் அது சர்வரே வைத்திருக்கும் கணக்குகளுக்கு வருவது. 6 என்றால், டொமைன் பெயரை எஸ்கியூஎல் லாகின் பெட்டியில் தட்டியிருக்கிறார்கள். இது அடிக்கடி நடக்கும். பெட்டியில் டொமைன், சாய்கோடு, பெயர், பாஸ்வேர்டு என்று எல்லாம் கவனமாகத் தட்டுவார்கள். மேலே விண்டோஸ் ஆத்தென்டிகேஷன் என்று மாற்ற மட்டும் மறப்பார்கள். 11 அல்லது 12 என்றால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, சர்வருக்குள் விட மட்டும் அனுமதி இல்லை. 38 என்றால் கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை: பெயர் தவறாக இருக்கலாம், ஆஃப்லைனாக இருக்கலாம், அல்லது அதற்குள் அவருக்கு இடமில்லை.

18452 வேறு ரகம். "நம்பாத டொமைனிலிருந்து வந்திருக்கிறாய்" என்று சொல்லும். லாகில் அதற்குத் துணையாக 17806 இருக்கும். இது வந்தால் கதை முழுக்க முதல் கேள்வியில்தான். டொமைனில் சேராத லேப்டாப்பிலிருந்து வந்திருக்கலாம், அல்லது கம்ப்யூட்டருக்கும் டொமைனுக்கும் நடுவில் இருந்த உறவு அறுந்திருக்கலாம். டொமைனில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு கணக்கும் பாஸ்வேர்டும் உண்டு. வழக்கமாக 30 நாளைக்கு ஒருமுறை கம்ப்யூட்டரே அதை மாற்றிக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து வெர்ச்சுவல் மெஷினை மீட்டால் அது பழைய பாஸ்வேர்டோடு எழுந்து நிற்கும், டொமைன் அதை அடையாளம் தெரியாதவன் போலப் பார்க்கும். பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் ஓட்டினால் உறவு இருக்கிறதா இல்லையா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும்.

லாகில் வரியே இல்லை என்றால்? அப்போது நீங்கள் கதவையே எட்டவில்லை. 53 என்ற எண், "சர்வரைக் காணோம்" என்ற செய்தி எல்லாம் நெட்வொர்க் சங்கதி: 1433 போர்ட் (எஸ்கியூஎல் சர்வர் வழக்கமாகக் காத்திருக்கும் கதவு எண்) திறந்திருக்கிறதா, டிஎன்எஸ் சரியான முகவரியைத் தருகிறதா என்று பாருங்கள். லாகினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எஸ்எஸ்பிஐ என்ற பூச்சாண்டி

"கேனாட் ஜெனரேட் எஸ்எஸ்பிஐ கான்டெக்ஸ்ட்." இந்த வாசகத்தைப் பார்த்துப் பயப்படாத ஆரம்பநிலை ஆளை நான் பார்த்ததில்லை. நானும் பயந்தவன்தான். எஸ்எஸ்பிஐ என்பது விண்டோஸில் "யார் நீ" வேலையைப் பார்க்கும் பகுதி, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை இரவு, எஸ்கியூஎல் சர்வர் ஓடும் சர்வீஸ் கணக்கை மாற்றினோம். தணிக்கைக்காரர் சொன்னார், பொதுக் கணக்கில் ஓடக்கூடாது, தனிக் கணக்கு வேண்டும் என்று. நல்ல யோசனைதான். மாற்றினோம், சர்வரிலேயே உட்கார்ந்து திறந்து பார்த்தோம், திறந்தது. புதுவண்ணாரப்பேட்டை வந்து ஆளுக்கொரு கொத்து பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். திங்கள் காலை கேட், எடைமேடை, பில்லிங் எல்லா இடத்திலும் எஸ்எஸ்பிஐ.

இரண்டு தவறு. முதலாவது, சர்வரிலேயே உட்கார்ந்து சோதித்தது. அதே கம்ப்யூட்டரிலிருந்து திறந்தால் கெர்பராஸ் டிக்கெட் வேலையே நடக்காது, என்டிஎல்எம் என்ற பழைய முறையில் போய்விடும். கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு கேட் திறக்கிறதா என்று பார்த்த மாதிரி. எப்போதும் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து சோதியுங்கள்.

இரண்டாவது, எஸ்பிஎன். சர்வீஸ் பிரின்சிபல் நேம் என்பதன் சுருக்கம். டொமைன் கன்ட்ரோலரிடம் "இன்ன சர்வருக்கு டிக்கெட் கொடு" என்று கேட்கும்போது, அந்தச் சர்வர் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று கன்ட்ரோலருக்கு எப்படித் தெரியும்? டைரக்டரியில் ஒரு முகவரிப் பதிவு இருக்கிறது: இந்தப் பெயர், இந்த போர்ட், இந்தக் கணக்கு என்று. அதுதான் எஸ்பிஎன். எங்கள் யார்டில் அதைப் பழைய கணக்கின் பெயரில் எப்போதோ யாரோ கையால் பதிந்து வைத்திருந்தார்கள். நாங்கள் சர்வீஸை மாற்றினோம், பதிவை மாற்றவில்லை. கன்ட்ரோலர் பழைய கணக்கின் சாவியால் டிக்கெட்டைப் பூட்டிக் கொடுத்தது. சர்வரிடம் இருந்தது புதுச் சாவி. திறக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எஸ்பிஎன் பதிவே இல்லாமல் இருந்திருந்தால் அன்று காலை எல்லாம் ஓடியிருக்கும். பதிவு இல்லை என்றால் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் என்டிஎல்எம்முக்கு இறங்கிவிடும். பதிவு தவறாக இருந்தால்தான் இடிக்கும். வீட்டு எண் தெரியாத தபால்காரர் விசாரித்தாவது வந்துவிடுவார், தவறான எண் எழுதியிருந்தால் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

சரி, சரிசெய்வது எப்படி? செட்எஸ்பிஎன் என்ற கட்டளை விண்டோஸ் சர்வரிலேயே இருக்கிறது. அதோடு கியூ சேர்த்தால் இந்த எஸ்பிஎன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். எக்ஸ் சேர்த்தால் ஒரே எஸ்பிஎன் இரண்டு கணக்கில் இருக்கிறதா என்று தேடும். டி சேர்த்துப் பழையதை நீக்குங்கள், எஸ் சேர்த்துப் புதியதைப் பதியுங்கள். ஏ என்றும் ஒன்று உண்டு, ஆனால் எஸ்தான் நல்லது, பதியும் முன் இரட்டைப் பதிவு வருமா என்று பார்த்துக்கொள்ளும். சர்வரின் குறும்பெயருக்கும் முழு டொமைன் பெயருக்கும் தனித்தனியே பதிய வேண்டும். போர்ட் எண் 1433-ஐ விட்டுவிடக்கூடாது.

பதிந்த பிறகும் கேட் கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. பழைய டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தது, அவ்வளவுதான். வழக்கமான அமைப்பில் ஒரு டிக்கெட்டின் ஆயுள் 10 மணி நேரம். கேலிஸ்ட் பர்ஜ் என்று கொடுத்தால் கையிலிருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கும். கேலிஸ்ட் என்று மட்டும் கொடுத்தால் கையில் எந்தெந்த டிக்கெட் இருக்கிறது என்று பார்க்கலாம். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் தினமும் ஒருமுறை சும்மாவாவது ஓட்டிப் பாருங்கள், கெர்பராஸ் என்ற வார்த்தையின் மிரட்டல் போய்விடும்.

ஐபி முகவரி என்ற குறுக்கு வழி

அந்தத் திங்கள்கிழமை, நான் யார்டுக்கு வந்து சேர்வதற்குள் யாரோ ஒரு புத்திசாலி பில்லிங் கம்ப்யூட்டரில் சர்வர் பெயரை எடுத்துவிட்டு ஐபி முகவரியைப் போட்டிருந்தார். உடனே திறந்தது. "சரியாகிவிட்டது சார்" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக.

ஏன் திறந்தது? ஐபி முகவரிக்கு வழக்கமாக எஸ்பிஎன் இருக்காது. அதனால் கெர்பராஸ் நடக்காது, என்டிஎல்எம் நடக்கும். கோளாறு அப்படியே இருக்கிறது, நாம் வேறு பாதையில் போய்விட்டோம். மத்தியானம் மேனேஜர் ரிப்போர்ட் எடுக்கப் போனபோது வெடித்தது: "லாகின் ஃபெயில்டு ஃபார் யூசர் என்டி அத்தாரிட்டி\அனானிமஸ் லாகான்". அவர் பெயர் என்ன, அனானிமஸ் யார்?

ரிப்போர்ட் ஒரு சர்வரில் ஓடுகிறது, தரவு இன்னொரு சர்வரில் இருக்கிறது. மேனேஜர் முதல் சர்வருக்கு வருகிறார். அது அவர் பெயரில் இரண்டாவது சர்வருக்குப் போக வேண்டும். என்டிஎல்எம்மில் இந்த இரண்டாவது தாண்டல் முடியாது: அவர்தான் என்று இரண்டாவது சர்வரை நம்ப வைக்க முதல் சர்வரின் கையில் எதுவும் இல்லை. அதனால் பெயரில்லாத ஆளாகப் போய் நிற்கிறது. கெர்பராஸில் முடியும், ஆனால் முதல் சர்வரின் கணக்குக்கு "இவர் பெயரில் அந்த ஒரு சேவைக்குப் போகலாம்" என்று டைரக்டரியில் டெலிகேஷன் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அனானிமஸ் லாகான் என்று பார்த்தால் யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். இரண்டு தாண்டலா என்று பாருங்கள், எஸ்பிஎன்னைப் பாருங்கள், டெலிகேஷனைப் பாருங்கள். ஒருமுறை ஓர் இடத்தில் அனானிமஸ் கணக்குக்கே லாகின் உருவாக்கி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டு ரிப்பேர் ஆகிவிட்டது என்று சொல்வதற்குச் சமம்.

எந்த முறையில் இணைந்திருக்கிறோம் என்று எஸ்கியூஎல் சர்வரிடமே கேட்கலாம். டிஎம் எக்ஸெக் கனெக்ஷன்ஸ் என்ற வியூவில் ஆத் ஸ்கீம் என்ற பத்தியில் கெர்பராஸ், என்டிஎல்எம், எஸ்கியூஎல் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். என்டிஎல்எம்மிலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2024 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்போகும் அம்சங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

கடிகாரம்

கெர்பராஸ் நேரத்தை நம்பி ஓடுவது. பழைய டிக்கெட்டைத் திருடி மறுபடி காட்டாமலிருக்க, இரண்டு பக்கக் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். வழக்கமான எல்லை 5 நிமிடம்.

எடைமேடை கேபின் கடற்காற்று நேராக அடிக்கும் இடம். அங்கே எந்தக் கம்ப்யூட்டரும் நீண்ட நாள் ஆரோக்கியமாக இருந்ததில்லை, ஸ்க்ரூ எல்லாம் துரு. ஒருநாள் மின்சாரம் போய் வந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் டேட்டாபேஸுக்குள் போகவில்லை. விண்டோஸுக்குள் போனது. "டொமைன்ல லாகின் ஆகுதே அண்ணே, அப்ப டொமைன் நல்லாதானே இருக்கு?" என்றான் பையன். நியாயமான கேள்வி. ஆனால் விண்டோஸ், கடைசியாக நுழைந்தவர்களின் விவரத்தை, வழக்கமாக 10 பேர் வரை, தன்னிடமே சேமித்து வைத்துக்கொள்ளும். கன்ட்ரோலரோடு பேச முடியாவிட்டாலும் அதை வைத்து உள்ளே விடும். ஆகவே விண்டோஸ் திறந்ததால் கன்ட்ரோலர் சரி என்று சொன்னதாக ஆகாது.

திரையின் வலது மூலையைப் பார்த்தேன். தேதி பல வருடம் பின்னால். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தது. டொமைனில் இருக்கும் கம்ப்யூட்டர் தானாக நேரத்தைச் சரிசெய்திருக்க வேண்டும், ஆனால் எடைமேடை மென்பொருள் போட வந்தவர் விண்டோஸ் டைம் சர்வீஸை நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏன் என்று இன்றுவரை தெரியாது. சர்வீஸை ஓடவிட்டோம். பேட்டரிக்கு ரிச்சி தெரு வரை போகவில்லை, தண்டையார்பேட்டையில் ஒரு வாட்ச் கடையிலேயே கிடைத்தது.

பெயர் ஒன்று, ஆள் வேறு

இப்போது இரண்டாவது கேள்வி. பாஸ் அசல்தான், உள்ளே விடலாமா?

டேட்டாபேஸ் ஆளைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை, எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணால் வைக்கிறது. காசிமேட்டில் போய் செல்வம் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், ஆனால் நாலு பேரின் ஆதார் எண்ணும் வேறு வேறு. பில்லிங்கில் ஒரு அக்கா வேலையை விட்டுப் போனார், கணக்கை அழித்தோம். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார், அதே பெயரில் கணக்கு போட்டோம். டேட்டாபேஸ் விடவில்லை. பெயர் அதே, எண் புதிது. எஸ்கியூஎல் சர்வரில் லாகினை மறுபடி உருவாக்கப் போனால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று வேறு சொல்லும். பழைய லாகினை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கி, டேட்டாபேஸுக்குள் இருக்கும் யூசரையும் அதோடு இணைக்க வேண்டும். கல்யாணமாகிப் பெயர் மாறினால் இந்தத் தொல்லை இல்லை, எண் அதேதான்.

ஆளுக்கு ஆள் அனுமதி கொடுக்காமல் டைரக்டரி குழுவுக்குக் கொடுத்தால் இந்த வேலையே மிச்சம். ஆனால் அதிலும் ஒரு முள் உண்டு. ஒருவரைக் குழுவில் சேர்த்த மாத்திரத்தில் அனுமதி வந்துவிடாது. எந்தெந்தக் குழு என்ற பட்டியல் காலையில் வாங்கிய டிக்கெட்டுக்குள் அச்சாகிவிட்டது. விண்டோஸிலிருந்து வெளியேறித் திரும்ப நுழைந்தால்தான் புதுப் பட்டியல். "சேர்த்துட்டேன், வரல" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: லாக் ஆஃப் பண்ணீங்களா? ஸ்க்ரீனை லாக் செய்து திறப்பது கணக்கில் வராது.

ஒருவர் எந்தக் குழு வழியாக உள்ளே வருகிறார் என்று தெரியவில்லையா? எக்ஸ்பி லாகின்இன்ஃபோ என்ற புரொசீஜருக்கு அவர் பெயரைக் கொடுங்கள், சொல்லும். பத்துக் குழுவில் அனுமதி இருந்தும் ஒரு குழுவில் டினை (தடை) இருந்தால் டினைதான் ஜெயிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. அங்கேயும் எல்டாப் (டைரக்டரியோடு பேசும் மொழி) வழியாகப் பாஸ்வேர்டைச் சரிபார்க்கலாம், ஆனால் அந்தப் பெயரில் ரோல், அதாவது அங்கத்திய கணக்கு, டேட்டாபேஸில் முன்பே இருக்க வேண்டும். யாரை எப்படி விடுவது என்று எழுதி வைக்கும் ஹெச்பிஏ கோப்பில் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். கீழே எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

கடைசியாக, கணக்கு பூட்டிக்கொள்வது. கேட் சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மாற்றினார். மறுநாளிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அவர் கணக்கு பூட்டிக்கொண்டது. திறந்துவிட்டால் அன்று முழுக்க ஓடும், மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி. டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி லாகில் 4740 என்ற நிகழ்வைத் தேடினேன். பூட்டக் காரணமான கம்ப்யூட்டரின் பெயர் அதில் இருக்கும். இருந்தது, ஆனால் அந்தப் பெயரில் எங்களுக்குக் கம்ப்யூட்டரே கிடையாது என்று எல்லோரும் சத்தியம் செய்தார்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனோம். ஸ்டோர் ரூமில், பழைய சீல் டப்பாக்களுக்குப் பின்னால், பெட்ஷீட் போட்டு மூடிய பழைய பில்லிங் கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு டேட்டாபேஸிலிருந்து ரிப்போர்ட் எடுக்க அவர் கணக்கில் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க், பழைய பாஸ்வேர்டோடு, தோற்கத் தோற்க விடாமல் முயன்றுகொண்டிருந்தது. அந்த ரிப்போர்ட்டை யாரும் படித்து வருடக்கணக்காகிறது.